வரிசையில் காத்திருந்த பாடல்கள்

1970 மே 26. லண்டன், அபே ரோடு ஸ்டூடியோ. பீட்டில்ஸ் உடைந்த செய்தி உலகத்துக்குத் தெரிந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. அந்தக் குழுவின் கடைக்குட்டி ஜார்ஜ் ஹாரிசன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பாடத் தொடங்கினார். முதல் நாள் துணைக்குப் பழைய குழுத்தோழர் ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸும் க்ளாஸ் வூர்மனின் பேஸ் கிட்டாரும் இருந்தன. மறுநாள் அவர் மட்டும்தான். எதிரே தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர். புது இசைத்தட்டுக்கு எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று முடிவு செய்வதற்காகப் பாடிக் காட்டிய அந்த இரண்டு நாளில் 30 பாடல்கள் நாடாவில் ஏறின. பாடியவருக்கு அப்போது வயது 27.

இத்தனை பாடல்கள் ஒருவரிடம் எப்படிச் சேர்ந்தன? கேட்க ஆளில்லாமல் சேர்ந்தன. பீட்டில்ஸில் பாட்டு எழுதுவது என்றால் ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி இருவரின் காரியம். ஓர் இசைத்தட்டில் ஹாரிசனுக்கு ஒன்றோ இரண்டோ கிடைக்கும். 1966இல் வந்த 'ரிவால்வர்' தட்டில் மூன்று கிடைத்தன. அதுவே பெரிய விஷயமாக இருந்தது. 30 பாடல்கள் கொண்ட 1968ஆம் ஆண்டின் 'வெள்ளைத் தட்டில்' அவருக்கு நான்கு. 'இஸின்ட் இட் எ பிட்டி' என்ற பாடலை அவர் 1966இலேயே எழுதிவிட்டார். குழுவில் யாரும் அதைச் சீந்தவில்லை. 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' பாடலை 1969 ஜனவரியில் ட்விக்கன்ஹாம் படப்பிடிப்புத் தளத்தில் பலமுறை ஒத்திகை பார்த்தார்கள். அதுவும் தட்டேறவில்லை.

அந்த ஒத்திகையின் நடுவில்தான், ஜனவரி 10ஆம் தேதி, குழுவை விட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குக் கிளம்பினார். சில நாளில் சமாதானமாகித் திரும்பி வந்தார் என்பது வேறு கதை. ஆனால் வீட்டுக்குப் போன அன்றே ஒரு பாட்டு எழுதிவிட்டார்: 'வா-வா'. கிட்டாரின் ஒலியைக் குழைக்கும் கால்மிதிக் கருவிக்கு அந்தப் பெயர். பேச்சு வழக்கில் தலைவலிக்கும் அதே பெயர். கோபத்தில் பிறந்த பாட்டு. பதினாறு மாதம் கழித்து அதைப் பதிவுசெய்யும்போது கோபம் போய், கொண்டாட்டம்தான் மிஞ்சியிருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த 'அபே ரோடு' தட்டில் 'சம்திங்', 'ஹியர் கம்ஸ் தி சன்' என்ற இரண்டும் ஹாரிசனுடையவை. பீட்டில்ஸின் ஆகச் சிறந்த பாடல்களைப் பட்டியல் போடுகிற யாரும் இந்த இரண்டையும் விட்டுவிட முடியாது. குழு முடிகிற நேரத்தில்தான் அவர் முழு ஆளாக எழுந்து நின்றார்.

அதற்குப் பிந்திய முப்பது ஆண்டுப் பதிவுகளைப் பற்றிப் பேசுபவர்கள் வழக்கமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: முதலில் ஒரு பெரிய தட்டு, பிறகு நீண்ட சரிவு, நடுவில் ஒரு மறுவருகை. விற்பனைக் கணக்குப்படி அது சரி. காதால் கேட்டால் வேறு கதை கேட்கிறது. 1968இல் சித்தாரைக் கீழே வைத்த ஹாரிசன், அதில் கற்றதை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பதே அந்தக் கதை.

சுவரும் சுலோகமும்

'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' 1970 நவம்பர் கடைசியில் வெளிவந்தது. மூன்று தட்டுகள், 23 பதிவுகள். ராக் பாடகர் ஒருவர் தனியாக இத்தனை பெரிய தொகுப்பை வெளியிடுவது அன்று கேள்விப்படாத ஒன்று. அட்டைப் படத்தில், ஹென்லி ஊரில் அவர் புதிதாக வாங்கியிருந்த ஃப்ரையர் பார்க் மாளிகையின் புல்வெளியில், நான்கு குள்ளபொம்மைகளுக்கு நடுவே ரப்பர் பூட்ஸோடு உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்காவில் ஏழு வாரம் முதலிடம்.

வாசித்தவர்களின் பெயர்களைப் பார்த்தாலே மூச்சு முட்டும். எரிக் கிளாப்டன், பில்லி பிரஸ்டன், ரிங்கோ, கேரி ரைட், நாஷ்வில்லிலிருந்து பெடல் ஸ்டீல் கிட்டாரோடு வந்த பீட் டிரேக். 'பேட்ஃபிங்கர்' குழுவினர் ஒரே அறையில் வரிசையாக உட்கார்ந்து அக்கூஸ்டிக் கிட்டார்களை மீட்டினார்கள். ஸ்பெக்டரின் பாணியே அதுதான்: ஒரே சுருதியை ஐந்தாறு கருவிகள் ஒன்றாக வாசிக்க வேண்டும், அதன்மேல் எதிரொலியைக் கொட்ட வேண்டும். தனித்தனி வாத்தியம் காதுக்குப் பிடிபடாமல் எல்லாம் சேர்ந்து ஒரு சுவராக நிற்கும். 'வா-வா' பாடலை முதலில் போட்டுக் கேட்டபோது ஹாரிசனுக்குப் பிடிக்கவில்லை. போகப் போகப் பழகிவிட்டது. முப்பது ஆண்டு கழித்து அதே தட்டை மறுபடி வெளியிட்டபோது, அந்த எதிரொலியிலிருந்து பாடல்களை விடுவிக்க ஆசையாக இருந்ததாக எழுதினார். 2021இல் அவருடைய மகன் தானியின் மேற்பார்வையில் பால் ஹிக்ஸ் செய்த புதிய ஒலிக்கலவை அந்த ஆசையை ஓரளவு நிறைவேற்றியது. குரல் முன்னால் வந்தது. ஆனாலும் 1970இன் பழைய ஒலியில்தான் இந்தத் தட்டை முதலில் கேட்க வேண்டும். சுவரின் பின்னாலிருந்து தயங்கித் தயங்கி வருகிற அந்தக் குரலுக்கும், அது பாடுகிற நிலையாமைக்கும் ஒரு பொருத்தம் இருக்கிறது.

ஸ்பெக்டர் பாதியிலேயே ஒதுங்கிவிட்டதும் குறிப்பிட வேண்டியது. குடியும் உடல்நலக் கேடும் சேர்ந்து அவரைப் படுக்க வைத்தன. ஆகஸ்டில் கடிதம் மூலம் யோசனைகளை எழுதி அனுப்பினார். மேற்பதிவுகளில் பெரும்பகுதியை ஹாரிசன்தான் ஒலிப்பதிவாளர்களோடு இருந்து முடித்தார். அந்த ஆண்டு ஜூலையில் ஹாரிசனின் தாய் புற்றுநோயால் இறந்தார். ஸ்டூடியோவுக்கும் லிவர்பூலுக்கும் அலைந்துகொண்டே செய்த வேலை இது.

'மை ஸ்வீட் லார்ட்' பாடலைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். அரை டஜன் அக்கூஸ்டிக் கிட்டார்கள் ஒரே அடியில் இரண்டு ஸ்வரக்கூட்டுகளை மாற்றி மாற்றி மீட்டுகின்றன. அதன்மேல் ஸ்லைடு கிட்டார் நுழைகிறது. ஒன்று மட்டும் இல்லை. அதே கையால் இரண்டாவது முறை வாசித்துச் சேர்த்த இணைக்குரலும் கூடவே வருகிறது. பாதிப் பாட்டில் சுருதி ஒரு முழுப்படி மேலே ஏறுகிறது. பின்பாட்டுக் கூட்டம் 'அல்லேலூயா' என்று பாடிக்கொண்டிருக்கிறது. கேட்பவர் பழகிப்போய்த் தலையாட்டும் நேரத்தில், ஒரு மடிப்பும் தெரியாமல் அது ஹரே கிருஷ்ண நாமமாக மாறிவிடுகிறது. அடுத்து குருவை மும்மூர்த்தியாக வணங்கும் சமஸ்கிருதச் சுலோகம் வருகிறது. நம் பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் சொல்லிப் பழகிய அதே சுலோகம். அட்டையில் பின்பாட்டுக்காரர்கள் 'ஜார்ஜ் ஓ'ஹாரா-ஸ்மித் சிங்கர்ஸ்' என்று போட்டிருக்கும். அப்படி ஒரு குழு கிடையாது. அத்தனை குரலும் ஹாரிசனுடையதே. தடம்மேல் தடமாக அடுக்கியவை.

1969 டிசம்பரில், டெலனி அண்ட் பானி குழுவோடு கோபன்ஹேகன் போயிருந்தபோது தொடங்கிய பாட்டு அது. அதைத் தானே பாடாமல் முதலில் பில்லி பிரஸ்டனுக்குத் தூக்கிக் கொடுத்தார். பிரஸ்டன் பதிவு 1970 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஹாரிசன் குரலில் வந்ததும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம். பிரிந்த நால்வரில் தனியாக முதலிடம் பிடித்த முதல் ஆள், அதுவரை வரிசையில் கடைசியாக நின்றவர்.

நீதிமன்றத்தில் ஸ்வரம்

வெற்றியோடு வழக்கும் வந்தது. 1963இல் 'தி ஷிஃபான்ஸ்' என்ற பெண்கள் குழு பாடிய, ரானி மேக் எழுதிய 'ஹி'ஸ் ஸோ ஃபைன்' பாடலின் மெட்டுதான் இது என்று அதன் உரிமையாளரான பிரைட் ட்யூன்ஸ் நிறுவனம் 1971இல் வழக்குத் தொடுத்தது. 1976இல் நியூயார்க்கில் விசாரணை. நீதிபதி ரிச்சர்ட் ஓவன் தாமே இசையமைப்பாளர். ஆகவே தீர்ப்பு வெறும் சட்டமாக இருக்கவில்லை; இசைப் பாடம்போல இருந்தது. இரண்டு பாடலிலும் 'ப-க-ரி' என்று இறங்கும் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்து 'ப-த-ஸ-த-ஸ' என்று ஏறி அசையும் இன்னொரு துண்டு. தனித்தனியே பார்த்தால் இரண்டும் யார் வேண்டுமானாலும் பாடக்கூடியவை. அதே வரிசையில் அடுத்தடுத்து வருவதும், இரண்டாம் துண்டில் ஒரே இடத்தில் ஒரே அனுஸ்வரம் ஒட்டிக்கொண்டிருப்பதும்தான் தற்செயல் இல்லை என்றார் நீதிபதி. வேண்டுமென்று எடுக்கவில்லை, அடிமனத்தில் கிடந்தது மேலே வந்துவிட்டது, ஆனாலும் அது உரிமை மீறலே என்பது தீர்ப்பு.

தொகை சுமார் 16 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஹாரிசனின் முன்னாள் மேலாளர் ஆலன் க்ளைன், 5,87,000 டாலர் கொடுத்து எதிர்த்தரப்பு நிறுவனத்தையே வாங்கிவிட்டார். ஒரு காலத்தில் ஹாரிசனுக்காக அந்த வழக்கைக் கவனித்தவர் அவர். நீதிமன்றம் இதைச் சகிக்கவில்லை. க்ளைன் கொடுத்த அதே 5,87,000 டாலரைக் கொடுத்தால் போதும் என்று 1981இல் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் வழக்கின் வால் பல ஆண்டு நீண்டது.

இந்த வழக்கால் ஹாரிசனுக்கு நேர்ந்த உண்மையான நஷ்டம் பணம் இல்லை. ஒரு மெட்டு மனத்தில் தோன்றினால், இது எங்கேயோ கேட்டதோ என்ற பயம் வந்துவிட்டது. பாட்டெழுதுபவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்கிறது?

கம்பிமேல் வழுக்கும் விரல்

சித்தார் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 1965இல் 'நார்வீஜியன் வுட்' பாடலில் யாரிடமும் முறையாகக் கற்காமல் அதை மீட்டிப் பார்த்தார். அடுத்த ஆண்டு ரவிசங்கரைச் சந்தித்தார். பம்பாய்க்கும் காஷ்மீருக்கும் வந்து தரையில் உட்கார்ந்து பாடம் கேட்டார். இரண்டு ஆண்டு சாதகத்துக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது: இந்த வாத்தியத்தில் தேற வேண்டுமானால் இன்னும் பதினைந்து வருடம் முன்னால் தொடங்கியிருக்க வேண்டும். உன் வேர் எங்கே என்று யோசி என்று ரவிசங்கரும் சொன்னார். ஹாரிசன் கிட்டாருக்குத் திரும்பினார்.

திரும்பியபோது கை பழைய கையாக இல்லை. 1969 கடைசியில் டெலனி அண்ட் பானி பயணத்தில் ஸ்லைடு வாசிக்கக் கற்றுக்கொண்டார். விரலில் ஒரு குழாயை மாட்டிக்கொண்டு கம்பியை அழுத்தாமல் அதன்மேல் வழுக்கிச் செல்லும் முறை அது. நம் கோட்டுவாத்தியத்தில் மரக்கட்டையை வைத்து இழுப்பதை நினைத்துக்கொண்டால் உடனே புரியும். மெட்டுப் பட்டிகளின் கட்டுப்பாடு விலகுகிறது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு நடுவில் உள்ள இடமெல்லாம் பாட்டுக்குக் கிடைக்கிறது. அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களும் இதே முறையில்தான் வாசித்தார்கள். ஆனால் அவர்களுடைய ஸ்லைடு உறுமும், அழும். ஹாரிசனுடையது பாடும். ஒவ்வொரு வரியும் முன்கூட்டியே இசையமைத்ததுபோல் அளவாக இருக்கும். ஸ்வரத்தை நேராகத் தொடாமல் கீழிருந்து எட்டிப் பிடித்து, அங்கே ஒரு கணம் நின்று, மெல்ல நழுவி இறங்கும். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு அது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். 1970க்குப் பிறகு ஹாரிசன் வாசித்த எந்தப் பதிவானாலும் அட்டையைப் பார்க்காமலே ஆளைச் சொல்லிவிடலாம்.

இந்திய இசையை இப்படித் தம் இசையோடு சேர்த்ததற்கு முன்னோட்டம் 1968இலேயே இருக்கிறது. 'வொண்டர்வால் மியூசிக்' என்ற திரைப்பட இசைத்தட்டு, பீட்டில்ஸ் நால்வரில் ஒருவர் தனியாக வெளியிட்ட முதல் தட்டு. ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட முதல் எல்.பி.யும் அதுதான். பாதி லண்டனில், பாதி 1968 ஜனவரியில் பம்பாய் எச்.எம்.வி. ஸ்டூடியோவில் பதிவானது. சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், ஆஷிஷ் கானின் சரோத், மஹாபுருஷ் மிஸ்ராவின் தபலா. பம்பாயில் அப்போது மோனோ இயந்திரம்தான் இருந்தது. ஹாரிசனுக்காகக் கல்கத்தாவிலிருந்து இரண்டு தட ஸ்டீரியோ இயந்திரத்தை ரயிலில் கொண்டுவந்து சேர்த்தார் கிராமஃபோன் கம்பெனியின் இளம் அதிகாரி பாஸ்கர் மேனன். திருவனந்தபுரத்தில் பிறந்த இந்த மேனன் பின்னாளில் அமெரிக்காவின் கேப்பிட்டல் ரெக்கார்ட்ஸ் தலைவரானார். அந்த அறையில் வெளிச்சத்தம் முழுதாகத் தடுக்கப்படவில்லை. கூர்ந்து கேட்டால் தெருவில் டாக்சி போகிற ஓசை இருக்கும் என்று ஹாரிசனே சொல்லியிருக்கிறார். அந்தப் பதிவுகளின் உயிரே அதில்தான் இருக்கிறது.

அடுத்து வந்த 'எலக்ட்ரானிக் சவுண்ட்' (1969), அன்று புதிதாக வந்திருந்த மூக் சிந்தசைசரை வைத்துச் செய்த சோதனை. ஆர்வத்துக்கு ஒருமுறை கேட்கலாம்.

கார்டன் அரங்கில் ஒரு ஞாயிறு

1971இல் கிழக்கு பாகிஸ்தானில் போர், அதற்கு முந்திய நவம்பரில் வீசிய போலா புயலின் அழிவு, எல்லை தாண்டி வந்த லட்சக்கணக்கான அகதிகள். வங்காளியான ரவிசங்கர் நிலைகுலைந்துபோய் ஹாரிசனிடம் வந்தார். ஐந்தாறு வாரத்தில் தொலைபேசியை வைத்துக்கொண்டே ஹாரிசன் ஆட்களைத் திரட்டினார். ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இரண்டு காட்சிகள், சுமார் 40,000 பேர். ரவிசங்கர், அலி அக்பர் கான், அல்லா ரக்கா முதலில் மேடையேறினார்கள். சுருதி சேர்த்து முடித்ததற்கே கூட்டம் கைதட்டியதும், இதுவே பிடித்திருந்தால் கச்சேரி இன்னும் பிடிக்கும் என்று ரவிசங்கர் சொன்னதும் பதிவில் அப்படியே இருக்கிறது. பிறகு கிளாப்டன், ரிங்கோ, லியான் ரஸல், பல காலமாக மேடைப்பக்கமே அதிகம் வராத பாப் டிலன்.

டிக்கெட் வசூலான 2,43,418 டாலர் 50 சென்ட் யுனிசெஃபுக்குப் போனது. மூன்று தட்டுத் தொகுப்பாக வந்த கச்சேரிப் பதிவு ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது பெற்றது. அதில் வந்த பெரும்பணம் நல்லபடியாகப் போய்ச் சேரவில்லை. கச்சேரிக்கு முன்பே முறைப்படி தொண்டு நிறுவனத்தின் பெயரில் பதிவுசெய்யாததால் அமெரிக்க வரித்துறை பல ஆண்டு அதை முடக்கிவைத்தது. விநியோகம் தாமதமானபோது ஹாரிசன் தொலைக்காட்சியில் உட்கார்ந்துகொண்டு கேப்பிட்டல் நிறுவனத்தைப் பெயர் சொல்லித் திட்டினார். எதிர்ப்பக்கம் இருந்தது, ரயிலில் இயந்திரம் கொண்டுவந்த அதே பாஸ்கர் மேனன். பின்னாளில் வந்த அத்தனை உதவிக் கச்சேரிகளும் இந்த அனுபவத்தில்தான் பாடம் படித்தன. முன்மாதிரி இல்லாமல் இறங்கியவர் என்பதால் ஹாரிசன் பட்ட பாட்டை யாரும் குறைத்துப் பேசக்கூடாது.

அடுத்த தட்டு, 1973இல் வந்த 'லிவிங் இன் தி மெட்டீரியல் வேர்ல்டு'. ஸ்பெக்டரின் சுவர் இதில் பெரும்பாலும் இல்லை, ஏறக்குறைய எல்லாப் பாடலுக்கும் ஹாரிசனே தயாரிப்பாளர். நிக்கி ஹாப்கின்ஸின் பியானோ, ஜிம் கெல்ட்னரின் டிரம்ஸ், தலைப்புப் பாடலில் ஜாகிர் உசேனின் தபலா. உள் அட்டையில் கண்ணன் தேரோட்டும் கீதைப் படம். இந்தத் தட்டைப் பிரசங்கம் என்று சொல்லி ஒதுக்கிய விமர்சகர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பக்தியைப் பாடுவது பிரசங்கமென்றால் உலக இசையில் பாதியைத் தள்ளிவிட வேண்டியதுதான். 'கிவ் மீ லவ்' பாடலின் ஸ்லைடு கிட்டார், 'மை ஸ்வீட் லார்ட்' வாசிப்பைவிட ஒரு படி மேலே. அமெரிக்காவில் அந்தப் பாடல் முதலிடத்துக்கு ஏறியபோது கீழே இறக்கியது மெக்கார்ட்னியின் 'மை லவ்' பாடலை. பெரும்பாலான பாடல்களின் உரிமைத்தொகையைத் தாம் தொடங்கிய அறக்கட்டளைக்கே எழுதிவைத்தார்.

தொண்டை கட்டிய பயணம்

1974 கடைசியில், பிரிந்த பீட்டில்ஸ் நால்வரில் ஒருவர் வட அமெரிக்காவில் முதன்முதலாகச் சுற்றுப்பயணம் கிளம்புகிறார் என்றதும் ரசிகர்கள் எதிர்பார்த்தது பழைய பாடல்களை. ஹாரிசன் கூட்டிவந்தது ரவிசங்கரின் பதினைந்து பேருக்கு மேற்பட்ட இந்திய இசைக்குழுவை. அந்த மேடையில் தமிழ்க் காதுகளுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். வயலினில் யாழ்ப்பாணத்தில் பிள்ளைப்பருவத்தைக் கழித்த எல். சுப்பிரமணியம். மிருதங்கத்திலும் வாய்ப்பாட்டிலும் டி.வி. கோபாலகிருஷ்ணன். முதன்மைக் குரல், தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, பரதத்தில் தொடங்கி, இந்துஸ்தானி சங்கீதத்துக்குப் போன லட்சுமி சங்கர். ஹாரிசன் தயாரித்து அதே ஆண்டு வெளிவந்த 'சங்கர் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' தட்டில் ரவிசங்கர் ஆங்கிலத்தில் எழுதிய 'ஐ ஆம் மிஸ்ஸிங் யூ' பாடலைப் பாடியதும் அவர்தான். பயணத்தின் நடுவில் ரவிசங்கருக்கு நெஞ்சுவலி வந்து படுத்தபோது குழுவை நடத்தும் பொறுப்பையும் லட்சுமி சங்கரே ஏற்றார்.

ஹாரிசனின் தொண்டை அந்த நேரம் பார்த்துக் காலை வாரிவிட்டது. ஒத்திகை, பதிவு, ரவிசங்கர் தட்டின் தயாரிப்பு என்று மூன்று வேலையை ஒரே சமயத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டதில் குரல்வளை வீங்கியது. 'டார்க் ஹார்ஸ்' தட்டை அந்தக் கரகரத்த குரலிலேயே முடித்தார். பத்திரிகைகள் தட்டின் பெயரையே 'தொண்டை கட்டியது' என்ற பொருள்படத் திரித்து எழுதின. நியாயமாகப் பார்த்தால், தலைப்புப் பாடல் அந்தக் குரலுக்கு நன்றாகவே பொருந்துகிறது. பயணத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கேட்காமல் விட்டது, ஹென்லி வீட்டில் அதே குழு பதிவுசெய்து 1976இல் வெளியான 'மியூசிக் ஃபெஸ்டிவல் ஃப்ரம் இந்தியா' தட்டை. சந்தூரும் மிருதங்கமும் சாரங்கியும் வயலினும் ஒரே கூட்டத்தில் சேர்ந்து ஒலிக்கும் அந்தப் பதிவுக்கு இணையானவை மிகச் சிலவே.

இதற்குப் பிந்திய ஆண்டுகளை வேகமாகக் கடக்கலாம். 'எக்ஸ்ட்ரா டெக்ஸ்சர்' (1975) சோர்ந்த தட்டு. 'தர்ட்டி த்ரீ அண்ட் ஒன் தர்டு' (1976) உற்சாகமானது, எல்.பி. சுழலும் வேகமும் அவருடைய வயதும் ஒன்றாக அமைந்த தலைப்பு. வழக்கைப் பற்றிய 'திஸ் சாங்' இதில்தான். 1979இல் தம் பெயரையே சூட்டிய தட்டு, திருமணமும் மகன் பிறப்பும் நடந்த காலத்தில் செய்தது. அவருடைய தட்டுகளிலேயே மிக அமைதியானது. 1968இல் பீட்டில்ஸோடு நூறு தடவைக்கு மேல் வாசித்தும் வெளிவராமல் போன 'நாட் கில்டி' பாடல், பதினோரு ஆண்டு கழித்து இங்கேதான் மென்மையாக வந்து சேர்ந்தது. 1980இல் 'சம்வேர் இன் இங்கிலாந்து' தட்டை வார்னர் நிறுவனம் திருப்பி அனுப்பியது. நான்கு பாடல்களை மாற்றினார். அந்த இடைவெளியில் லெனன் கொல்லப்பட்டார். ரிங்கோவுக்காகத் தொடங்கிய ஒரு பாடலின் சொற்களை மாற்றி, நண்பருக்கு அஞ்சலியாக 'ஆல் தோஸ் இயர்ஸ் அகோ' பாடினார். டிரம்ஸில் ரிங்கோ, பின்பாட்டில் மெக்கார்ட்னி. 1982இல் 'கான் ட்ராப்போ'வை விளம்பரம் செய்யக்கூட அவருக்கு மனமில்லை. ஐந்து ஆண்டு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். படத் தயாரிப்பில் மூழ்கினார்.

1987இல் தயாரிப்பாளர் ஜெஃப் லின்னோடு சேர்ந்து செய்த 'க்ளவுடு நைன்' மறுபடி அவரை வானொலிக்குக் கொண்டுவந்தது. 'காட் மை மைண்ட் செட் ஆன் யூ' அவர் எழுதியது இல்லை. 1963இல், அமெரிக்காவுக்கு பீட்டில்ஸ் யாரென்றே தெரியாத நாளில், இலினாய் மாநிலத்தில் இருந்த அக்காவைப் பார்க்கப் போனபோது வாங்கிய ஜேம்ஸ் ரே தட்டில் இருந்த பாட்டு. கால் நூற்றாண்டு நினைவில் வைத்திருந்து பாடினார். 1988 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம். அதே ஆண்டு ஒரு சிங்கிளின் மறுபக்கத்துக்கு ஒரு பாட்டு வேண்டுமென்று டிலனின் மாலிபு வீட்டுக் கொட்டகையில் லின், டாம் பெட்டி, ராய் ஆர்பிசனோடு கூடினார். ஒரு பெட்டியின்மேல் எழுதியிருந்த எச்சரிக்கைச் சொற்களே 'ஹேண்டில் வித் கேர்' என்று தலைப்பானது. மறுபக்கத்தில் போட்டு வீணாக்கக் கூடாத பாட்டு என்று நிறுவனத்தார் சொல்ல, 'ட்ராவலிங் வில்பரிஸ்' என்ற குழுவே பிறந்தது. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்தால்தான் ஹாரிசனுக்குப் பாட்டு வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சென்னையில் தொடங்கியது

1996இல் ரவிசங்கர் வேத மந்திரங்களையும் உபநிடத வரிகளையும் இசையமைத்துப் பதிவுசெய்ய முனைந்தபோது தயாரிப்பாளராக ஹாரிசன் வந்தார். பதிவு தொடங்கியது சென்னையில். முடிந்தது ஃப்ரையர் பார்க் வீட்டில். 1997இல் 'சான்ட்ஸ் ஆஃப் இந்தியா' என்று வெளிவந்தது. மந்திரம் சொல்லும் குரல்களுக்குப் பின்னால் வீணையும் தம்புராவும் இருக்கின்றன. எங்கோ அடியில் ஹாரிசனின் கிட்டாரும் வைப்ரஃபோனும் தொட்டும் தொடாமலும் கேட்கின்றன. ஹாரிசனின் சொந்தத் தட்டுகளின் பட்டியலில் இது வராது. வர வேண்டும். தயாரிப்பாளராக அவர் இதைவிட நிதானமாகச் செய்த வேலை வேறில்லை.

அதே 1997இல் தொண்டைப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1999 டிசம்பர் 30 அதிகாலையில் வீடு புகுந்த ஒருவன் கத்தியால் குத்தினான். மனைவி ஒலிவியா எதிர்த்துப் போராடிக் கணவரைக் காப்பாற்றினார். நோய் திரும்ப வந்தபோது, பல ஆண்டாகச் சேர்த்துவைத்த பதிவுகளை எப்படி முடிக்க வேண்டும் என்ற குறிப்புகளை ஹாரிசன் மகன் தானியிடம் கொடுத்தார். 2001 அக்டோபரில் பியானோ கலைஞர் ஜூல்ஸ் ஹாலண்டுக்காக 'ஹார்ஸ் டு தி வாட்டர்' பாடினார். அதன் உரிமையாளர் பெயராக 'ஆர்.ஐ.பி. லிமிடெட் 2001' என்று போடச் சொன்னார். நவம்பர் 29 அன்று, 58 வயதில், லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார்.

தானியும் லின்னும் முடித்துக் கொடுத்த 'பிரெய்ன்வாஷ்டு' 2002 நவம்பரில் வந்தது. அதில் வார்த்தையே இல்லாத ஒரு பதிவு, 'மார்வா ப்ளூஸ்'. இந்துஸ்தானி மார்வா இராகத்தின் பெயரைத் தாங்கியது. பஞ்சமம் இல்லாத இராகம், நம் ஹம்சானந்தியின் ஸ்வரங்களையே வேறு நடையில் நடத்துவது. இந்தப் பதிவு இராக இலக்கணத்தை அப்படியே பின்பற்றவில்லை. கீழே மேற்கத்திய ஸ்வரக்கூட்டுகள் நகர்கின்றன. மேலே ஸ்லைடு கிட்டார் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்று, வேறு விதமாக இறங்குகிறது. பக்கவாட்டில் இன்னொரு ஸ்லைடு பதில் சொல்கிறது. சிறந்த பாப் வாத்திய இசைக்கான கிராமி விருது அதற்கு 2004இல் கிடைத்தது. தட்டின் கடைசிப் பாடல் கோபமான ராக் பாடலாக ஓடி, முடிவில் தந்தையும் மகனும் சேர்ந்து சொல்லும் பார்வதி நாமாவளியாக மாறுகிறது.

புதிதாக ஹாரிசனைக் கேட்க வருகிறவர் வழக்கப்படி 1970இலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முதலில் 'மார்வா ப்ளூஸ்' கேட்கலாம். அடுத்து 'கிவ் மீ லவ்'. அதற்குப் பிறகு மூன்று தட்டுத் தொகுப்புக்குப் போனால், சுவருக்குள் ஒளிந்திருக்கும் ஸ்லைடு கிட்டார் தானாகவே காதில் விழும். 'ரன் ஆஃப் தி மில்', 'பிவேர் ஆஃப் டார்க்னஸ்' இரண்டையும் அவசரமில்லாத ஒரு மாலைக்கு ஒதுக்கிவைக்கலாம். இந்தியப் பதிவுகளில் 'வொண்டர்வால்' முதலில், 'மியூசிக் ஃபெஸ்டிவல்' அடுத்து, 'சான்ட்ஸ் ஆஃப் இந்தியா' கடைசியில். 'கான் ட்ராப்போ'வை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்; அதிலும் 'தட்'ஸ் தி வே இட் கோஸ்' பாடலின் ஸ்லைடை விட்டுவிடக் கூடாது.